இன்ஸ்பெக்ஷனுக்கு வைத்த காற்று

ராசா,

சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை வருகிறது. போனில் கேட்டால் "ஆச்சும்மா" என்று முடித்துவிடுவாய். நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசுவதற்குள் அந்தப் பக்கம் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள், அல்லது கூப்பிட்டதாக நீ சொல்கிறாய். அதனால்தான் காகிதம். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். மற்ற அம்மாக்கள் இந்த நேரத்தில் மகனுக்கு என்னென்ன புத்தி சொல்வார்களோ எனக்குத் தெரியாது. பெண்டாட்டியிடம் குரலை உயர்த்தாதே, அவள் சமையலை என் சமையலோடு ஒப்பிடாதே, இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லி முடித்துவிட்டேன். மீதிக் கடிதம் முழுக்க ஒரு சிலிண்டரைப் பற்றி. சிரிக்காமல் படி. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற சேத்தூர்ப் பெண்ணும் படிக்கட்டும், வேறு யார் கண்ணில் பட்டாலும் படிக்கட்டும். அதனால்தான் உன் ஸ்டேஷன் எது, உன் அப்பா இருந்த ஸ்டேஷன் எது என்று எங்கும் எழுதவில்லை. எழுதி ஒருவரைக் கைகாட்டுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

உன் அப்பாவின் போன் என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். அதில் மாவட்டத்துத் தீயணைப்பு ஆட்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியாது. அவர் போன பிறகு அந்த நம்பரை அதிலிருந்து யாரும் நீக்கவில்லை. மறந்தார்களோ, நீக்க மனசு வரவில்லையோ. காலையில் காப்பி குடித்துக்கொண்டே அதைப் படிப்பதுதான் எனக்குப் பேப்பர். யாருக்கு எந்த ஊர் மாறுதல், யார் பதவி உயர்வு வந்தும் தூர இடம் என்று வேண்டாமென எழுதிக் கொடுத்தார், யார் வீட்டில் காதுகுத்து, ஓய்வு பெறுகிறவர் விருந்துக்குப் பிரியாணியா சைவமா என்று நடந்த சண்டை, எல்லாம் எனக்கு அத்துபடி. பெண்டாட்டிமாருக்கே தெரியாத மாறுதல்கூட எனக்கு முதலில் தெரிந்துவிடும். வெளியே சொல்ல மாட்டேன். பாதிப் பேரை எனக்கு முகம் தெரியாது, ஆனாலும் அவர்கள் பிள்ளைகளின் மார்க் வரை தெரியும்.

போன வாரம் அதில் உன் படம் வந்தது. முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, ஏணி, குழாய், கயிறு, கோடாலி என்று எல்லாவற்றையும் அடுக்கியிருந்தீர்கள். உன் பக்கத்தில் பெரிய அதிகாரி. கீழே 'சிறப்பான பராமரிப்பு, வாழ்த்துகள்' என்று போட்டிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது உன் முகத்தைத்தான். மீசையை ஒதுக்கியிருந்தாய், நன்றாக இருந்தது. பெற்றவள் கை சும்மா இருக்குமா, கைதட்டுகிற படத்தை அழுத்திவிட்டேன். இறந்துபோன உன் அப்பாவின் பெயரில் உனக்கு ஒரு கைதட்டல் போய் விழுந்தது. நிறையப் பேர் தட்டியிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அப்புறம்தான் உன் கை எதன் மேல் இருக்கிறது என்று பார்த்தேன். வெள்ளைத் துணி விரித்த மேசை. மேசை மேல் மூச்சுக்கருவி, நீங்கள் 'செட்' என்பீர்களே, அது. சிலிண்டர், வார், முகத்தில் மாட்டுகிற கண்ணாடி மூடி, எல்லாம் கடையில் இருந்து அப்போதுதான் வந்த மாதிரி இருந்தன. காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

நீ கட்டிக்கொள்ளப் போகிறவளுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். புகைக்குள்ளும் விஷக்காற்றுக்குள்ளும் போகிறவர் முதுகில் மாட்டிக்கொண்டு போகிற காற்று அது. அந்தச் சிலிண்டரில் இருக்கும் வரை உள்ளே போனவர் மூச்சு விடலாம். திறந்தால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததைத் திரும்ப நிரப்ப உன் அப்பாவின் ஸ்டேஷனில் வசதி இல்லை, வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், கடிதத்துக்குப் பதில் வர வேண்டும், பதில் வந்த பிறகு ஒரு வண்டி தோதுப்பட வேண்டும், வண்டி தோதுப்பட்ட நாளில் எங்கேயாவது வைக்கோல்படப்பு எரியாமல் இருக்க வேண்டும். அதற்குள் இன்ஸ்பெக்ஷன் வந்து, சிலிண்டரில் காற்றின் அளவைக் காட்டுகிற முள் காலியில் நின்றால், பொறுப்பில் இருக்கிறவருக்கு மெமோ. ஆகவே அதைத் திறக்காமல் வைத்தார்கள். திறக்காதே என்று யாரும் உத்தரவு போடவில்லை. அப்படி ஒரு வழக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தூசி படாமல் துடைத்து, முள் நிறைவில் நிற்கிறதா என்று பார்த்து, திரும்ப உறை போட்டு வைப்பது. அந்த வேலை உன் அப்பாவுடையது. உன்னைத் தூங்கப்போடும்போதுகூட அவர் அவ்வளவு பதனமாகப் போட்டதில்லை.

அவரை மட்டும் குறை சொல்வதற்கு எனக்கு வாயில்லை. நம் வீடே அப்படித்தானே இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு அவர் வண்டியோடு காவல் டூட்டிக்குப் போன ஒரு வருஷம், தேர் நிலைக்கு வந்த பிறகு உன்னையும் என்னையும் கடைவீதிக்குக் கூட்டிப்போனார். அங்கே கனமான எவர்சில்வர் தட்டுகள் வாங்கினோம், விளிம்பில் பூ அடித்தது. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். அதன் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். உன் சித்தப்பா குடும்பம் வந்தபோது எடுக்கப் போனேன், "அவிய நம்ம ஆளுகதானட்டி, அவியளுக்கு எதுக்கு?" என்றார் உன் அப்பா. ஸ்டேஷன் ஆபீசர் வந்தபோது அவர் காப்பியோடு எழுந்துவிட்டார். எங்கள் கணக்கில் விருந்தாளி என்று ஒருவர் கடைசிவரை வரவே இல்லை. நாம் நெளிந்த தட்டிலேயே தின்றோம்.

உன் ஸ்கூல் ஷூ நினைவிருக்கிறதா? விளையாட்டு விழாவுக்குப் போட வேண்டும் என்று ராஜபாளையத்தில் வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தார். நீ அதைப் பாயில் போட்டு நடந்து பார்த்துவிட்டு, மண் ஒட்டக்கூடாது என்று பெட்டிக்குள்ளேயே வைத்தாய். அந்த வருஷம் மழை பெய்து விழா நின்றுபோனது. அடுத்த வருஷம் விழாவன்று பெட்டியைத் திறந்தால் உன் கால் உள்ளே போகவில்லை. நீ அழுதாய். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஒங்க அப்பன் புத்திலே ஒனக்கு" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் அன்றைக்கே உன்னை இரண்டு அடி போட்டுப் புத்தி சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. அடித்தால் மட்டும் மாறியிருப்பாயா என்று கேட்டால், மாறியிருக்க மாட்டாய்.

இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் ஸ்டேஷனை ஒட்டிய லைன் வீடுகளில் பெண்களுக்கும் வேலைதான். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடுவோம். தண்ணீர் பாய்ச்சுகிற குழாயின் பித்தளை முனைகளை ஒரு வருஷம் உன் அப்பா பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். "புளி போட்டு ஒரு தேய் தேச்சுக் குடுட்டி, எங்க பயலுவ தேய்ச்சா வரி வரியா நிக்கி" என்றார். நானும் பரமசிவம் பெண்டாட்டியும் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தோம். பரமசிவம் யார் என்று நம் சேத்தூர்ப் பெண்ணுக்குத் தெரியாது. அவர் அந்த ஸ்டேஷன் டிரைவர், உன் அப்பாவுக்குத் தம்பி மாதிரி. அந்த வருஷம் வந்த அதிகாரி பித்தளையில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டாராம். உன் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர் போகிற குழாய்க்குப் பளபளப்பு எதற்கு என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இனி அந்தப் பங்குனி மாதத்துக்கு வருகிறேன். இதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. கிணற்றில் இறங்கினார், விஷக்காற்று, வீரமரணம், இவ்வளவுதான் உனக்குச் சொல்லப்பட்டது. மாலை போட வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். மீதியை எனக்குப் பரமசிவம் சொன்னார், காரியம் முடிந்து பந்தல் பிரித்த அன்றைக்கு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் இன்ஸ்பெக்ஷன். முற்றத்தில் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் அடுக்கி முடித்து, மூச்சுக்கருவியை வண்டியில் இருந்து இறக்கி மேசையில் வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் துணி நம் வீட்டுப் பெட்ஷீட், நான் கொடுத்ததுதான். அப்போது வத்திராயிருப்புப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் இருந்து அழைப்பு. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதென்று டீசல் இன்ஜினை உள்ளே இறக்கி ஓட்டியிருக்கிறார்கள், அதன் புகை அடியிலேயே தங்கிவிட்டது. தோப்புக்கார அண்ணன் தம்பியில், பார்க்க இறங்கிய தம்பி மயங்கி விழுந்துவிட்டான், அவனைத் தூக்க இறங்கிய அண்ணனும் விழுந்துவிட்டான். மணி அடித்ததும் எல்லோரும் வண்டிக்கு ஓடினார்கள். பரமசிவம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

"அண்ணே, கெணத்துக் கேஸு. செட்டத் தூக்கிப் போடச் சொல்லவா?"

"அது கெடக்கட்டும்லே. நாளைக்குக் காட்டணும்லா. கயிறும் வலையும் இருக்கு, வண்டிய எடு."

இதுதான் ராசா. இவ்வளவுதான் நடந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் பூட்டி வைக்கவில்லை. பத்தடியில் இருந்த காற்றை வேண்டாம் என்று சொன்னது உன் அப்பாவின் வாய்தான்.

அங்கே போனதும் கிணற்றுக்குள் தண்ணீரைப் பீய்ச்சி, கெட்ட காற்றைக் கொஞ்சம் கலைத்திருக்கிறார்கள். பிறகு அவர் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றோடு இறங்கினார். அண்ணன்காரனைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். மேலே வந்து உட்கார்ந்து இருமியவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தாராம். பரமசிவம், "நான் போறேண்ணே, நீங்க செத்த நேரம் இரிங்க" என்று கையைப் பிடித்திருக்கிறார். "நீ வண்டிக்காரன்லே. ஒனக்கு ஒண்ணுன்னா இந்தப் பிள்ளைகள ஆசுபத்திரிக்கு எவன் கொண்டு போவான்?" என்று சொல்லிவிட்டுத் திரும்ப இறங்கினார். கயிறு ஆடியதும் மேலே இழுத்தார்கள். வந்தது தம்பிக்காரன். உன் அப்பா தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவனுக்குக் கட்டியிருக்கிறார். அவனுக்கு உயிர் முன்னமே போயிருந்தது. இது கீழே இருந்தவருக்குத் தெரியாது.

திரும்ப உள்ளே விட்ட கயிறு ஆடவே இல்லை. பக்கத்து ஊர் வண்டி வந்து சேர்ந்தது. அவர்களுடைய மூச்சுக்கருவி வண்டியிலேயே இருந்தது. உறை கிழிந்து, அழுக்குப் பிடித்து, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் இருந்ததாம். அதை மாட்டிக்கொண்டு ஒருவன் இறங்கினான். உன் அப்பாவைக் கட்டி மேலே அனுப்பினான், அவனும் ஏறி வந்தான், துண்டை உதறிக்கொண்டு நடந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரமசிவம் இதைச் சொல்லும்போது, "அவனுக்கு ஒண்ணுமே ஆகல மதினி, ஒண்ணுமே ஆகல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு அவர் நம் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதையும் குரூப்பில்தான் பார்த்தேன்.

இன்ஸ்பெக்ஷனை அந்த வாரம் தள்ளி வைத்தார்கள். அதிகாரி நம் வீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்தார், உன் தோளைத் தட்டிக் கொடுத்தார், நல்ல மனிதர். துக்கம் கொஞ்சம் ஆறியதும் இன்ஸ்பெக்ஷனை நடத்தினார்கள். அதே மேசை, அதே துணி. சிலிண்டரின் முள் நிறைவில் நின்றது. எல்லாக் கருவிகளும் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். குரூப்பில் அந்தச் செய்தி வந்தது, மேலே தள்ளிப் பார்த்தால் கொஞ்ச தூரத்தில் உன் அப்பாவின் படம், கண்ணீர் அஞ்சலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாறுதல் பட்டியல், ஒரு பிறந்தநாள் வாழ்த்து. பெட்ஷீட்டை மடித்துத் திருப்பி அனுப்பி வைத்தார்கள். துவைத்துத்தான் அனுப்பினார்கள், அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் கேட்காமல் இல்லை. பென்ஷன் கையெழுத்துக்கு வந்த ஸ்டேஷன் ஆபீசரிடம் கேட்டேன். "ஏன் சார், அந்தக் காத்த இங்கயே நெரப்புற மாதிரி இருந்தா அவரு அத எடுத்துட்டுப் போயிருப்பாருல்லா?" அவர் கண் கலங்கிவிட்டது. "எழுதிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். இன்னும் எழுதுவேன்" என்றார். எழுதினார் என்றுதான் நம்புகிறேன். ஓய்வு பெறும் வரை எழுதியிருப்பார். அவருக்குப் பிறகு வந்தவரும் எழுதுவதாகச் சொன்னார். கெட்டவன் என்று ஒருத்தன் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு நிம்மதியாக வந்து படுத்திருப்பேன். எல்லோரும் நல்லவர்களாக இருக்கிற இடத்தில் யாரை என்ன செய்வது?

அப்புறம், அவர் வேலையில் இறந்ததற்காக உனக்குக் கருணை வேலை வந்தது. மில்லில் சூப்பர்வைசராக இருந்தவன், வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சர்க்கார் வேலை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் குதித்தார்கள், நானும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். பயிற்சி முடித்து நீ காக்கியில் வந்து நின்றபோது பின்பக்கம் பார்த்தால் அவரே நின்ற மாதிரி இருந்தது. செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் தீ என்று போய், பச்சைக் கொப்பால் அடித்து அணைத்துவிட்டு, புருவம் கருகி வந்து நின்றாயே, அன்றைக்குக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. தீயைப் பார்த்து எனக்கு அவ்வளவு பயம் இல்லை. தீ தெரியும், சூடு வரும், ஓடலாம்.

படம் பார்த்த அன்றைக்கு உனக்குப் போன் போட்டேன். நீ மறந்திருப்பாய், நான் ஒரு வார்த்தையையும் மறக்கவில்லை.

"ஏலே, அந்தச் சிலிண்டரு ஒன் பொறுப்பா?"

"ஆமாம்மா. வந்ததுமே எங்கிட்டதான் குடுத்துட்டாவ. பாத்தியா, எம்புட்டு நல்லா வச்சிருக்கேன். ஆபீசரே கூப்புட்டுச் சொன்னாரு."

"வண்டியில வச்சிருக்கியா, மேசையில வச்சிருக்கியா?"

 "வண்டியில கெடந்தா தூசி அடையும்மா. இப்பதான இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சிருக்கு. ஏத்திருவோம்."

"எப்ப?"

"அடுத்தாப்புல இன்னொரு ஆபீசர் வாராராம். அது முடியட்டும், பொறவு ஏத்திருவோம்."

"அப்பா எப்படிப் போனாவன்னு தெரியும்லா ஒனக்கு?"

"தெரியும்மா. அதுக்குத்தான அத இம்புட்டுப் பதனமா வச்சிருக்கேன்."

 யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நீ போனை வைத்தாய். அன்று முழுக்க அடுப்புப் பற்றவைக்க மனசு வரவில்லை. நீ பொய் சொல்லவில்லை, அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. அவரை நினைத்துத்தான் அதைத் துடைக்கிறாய். அவர்மேல் உனக்கு இருக்கிற பாசம் முழுவதையும் அந்தச் சிலிண்டரின் மேல் போட்டுத் தேய்க்கிறாய். எவ்வளவு பாசம் வைக்கிறாயோ அவ்வளவுக்கு அதைத் தொட மாட்டாய். இதை எந்த அதிகாரியிடம் போய் நான் எழுதிக் கொடுப்பேன்?

ஆகையால் சொல்கிறேன், கேட்டால் கேள். அடுத்த கிணற்று அழைப்புக்கு அதை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கு. மாட்டு, திற, காலி பண்ணு. உள்ளே கிடப்பது கன்றுக்குட்டியாக இருந்தாலும் காலி பண்ணு. மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள், அதைச் சட்டம் போட்டு உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுகிறேன், சாமி கும்பிடும்போது அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டுகிறேன். உன் பதவி உயர்வு நின்றால் நிற்கட்டும். குரூப்பில் உன் படம் வராவிட்டால் போகட்டும். அழுக்குப் பிடித்த செட்டோடு உயிரோடு வருகிற பிள்ளை எனக்குப் போதும். உன் கூட இருக்கிற பையன்களிடமும் சொல், அவர்களுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

எழுதிவிட்டேன். எழுதும்போதே தெரிகிறது, நீ இதைப் படித்துவிட்டு "சரிம்மா" என்பாய். உன் அப்பாவும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னார். மணி அடிக்கிற நேரத்தில் என் கடிதமா உன் நினைவுக்கு வரும்? மேசையும் வெள்ளைத் துணியும்தான் கண்ணில் படும். ஒரு கணம் கை அந்தப் பக்கம் போகும், அடுத்த வாரம் அதிகாரி வருகிறார் என்ற நினைப்பு வரும், கை திரும்பிவிடும். அந்த ஒரு கணத்தில் உன் பக்கத்தில் நிற்க எனக்கு வழியில்லை.

நிச்சயத்தன்று அந்தப் பெண் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்த, அவிய வேலையில பயம் இருக்குமா?" என்று கேட்டாள். குழந்தை முகம். "அதெல்லாம் இப்ப நல்ல நல்ல சாமான் வந்திருச்சு தாயி, ஒரு பயமும் இல்ல" என்றேன். பொய்யும் இல்லை. சாமான் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் சந்தோஷமாக எழுந்து போய் உனக்குக் காப்பி ஆற்றினாள். நான் அரிவாள்மணையை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தென்னந்தோப்பில் பிழைத்த அந்த அண்ணன்காரர் பொங்கல்தோறும் தேங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போவாரே, அவருக்கும் பத்திரிகை வைத்திருக்கிறேன். அவர் வந்தால் உனக்குக் கும்பிடத் தோன்றினாலும் கும்பிடு, தோன்றாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. உன் அப்பா போன வருஷமே பரணில் இருந்த அந்தப் பூத்தட்டுகளை இறக்கிவிட்டேன். இனி விருந்தாளி வேண்டாம், தினமும் இதில்தான் தின்பது என்று முடிவு செய்தேன். தனியாகத் தின்னும்போதும் அதில்தான் போட்டுக்கொண்டேன். இப்போது தட்டு முழுக்கக் கீறல், பூ தேய்ந்து வருகிறது, எனக்கு அதில் ஒரு திருப்தி. ஒன்றே ஒன்றை மட்டும் உனக்கென்று கீறல் விழாமல் வைத்திருந்தேன், நீ வந்தால் அதில் போட வேண்டும் என்று. இதை எழுதும்போதுதான் நானும் என்ன செய்திருக்கிறேன் என்று உறைக்கிறது. நேற்று முன்தினம் நீ பத்திரிகை வாங்கிப் போக வந்தாய் அல்லவா, அந்தத் தட்டில்தான் உனக்குச் சோறு போட்டேன். இனி இந்த வீட்டில் எதையும் மிச்சம் பிடித்து வைக்காதே என்று சொல்ல வாயெடுத்தேன், நீ போனில் பேசிக்கொண்டே சாப்பிட்டாய். நான் வாசலில் பூக்காரியிடம் பேசிவிட்டு உள்ளே வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். அடுப்படியில் தட்டைத் தேடினேன். நீ அதைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எங்கிருந்தோ அந்தப் பழைய வேட்டித் துணியைத் தேடி எடுத்துச் சுற்றி, எனக்கு எட்டாத உயரத்தில் பரணில் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

உன் அம்மா